கழற்ற வேண்டிய ஓடு

மயில் மான்டிஸ் இறாலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அதன் நிறத்தில் மயங்கித்தான் வாங்குகிறார்கள். பச்சை உடல், செம்மஞ்சள் கால்கள், மேலோட்டின் முன்புறம் இருமருங்கிலும் சிறுத்தைப் புள்ளிகள், வால் துடுப்புகளின் ஓரத்தில் நீலமும் சிவப்பும். இத்தனை நிறங்களுக்கு நடுவே புதிதாக ஒரு புள்ளி விழுந்தால் அது உடனே கண்ணில் படுவதில்லை. முதுகிலோ வால்தட்டின் விளிம்பிலோ வெளிறிய ஒரு திட்டாகத் தொடங்கும். நாளாக ஆகப் பழுப்பாகும். பிறகு அந்த இடம் சொரசொரவென்று அரித்து, கறுத்த ஓரம் கொண்ட குழியாகும். அருகில் இன்னொரு குழி தோன்றும். இரண்டும் பெருகி ஒன்றோடொன்று கலக்கும். வால்தட்டின் ஓரத்தில் தொடங்கியிருந்தால் அந்த ஓரமே தேய்ந்து காணாமல் போகும். இதற்குப் பெயர் ஓட்டு நோய்.

இதைப் பார்த்ததும் வளர்ப்பவரின் மனம் மருந்தைத் தேடி ஓடுகிறது. அது இயல்பு. மீனுக்குப் புண் வந்தால் தொட்டியில் சொட்டு மருந்து விடுகிறோம், ஆறிவிடுகிறது. ஆனால் மீனின் தோல் உயிருள்ளது. காயத்தைச் சுற்றியிருக்கும் உயிரணுக்கள் பிரிந்து பெருகி அந்த இடத்தை மூடுகின்றன. மான்டிஸ் இறாலின் ஓடு அப்படிப்பட்டதல்ல. அது அடியில் இருக்கும் தோலிலிருந்து சுரந்து இறுகிய பொருள். அந்த அடுக்குகளுக்குள் பிரிந்து பெருகக்கூடிய உயிரணு ஏதும் கிடையாது. குழி விழுந்த ஓடு மறுபடி நிரம்பாது. கிருமிகள் அத்தனையையும் ஒரே நாளில் கொன்றாலும் குழி குழியாகவே இருக்கும். முழுமையாகக் குணமாக அந்த விலங்குக்கு உள்ள ஒரே வழி பழைய ஓட்டைக் கழற்றி எறிவதுதான். வளர்ப்பவர் செய்யக்கூடிய வைத்தியம் எல்லாமே அந்த நாள் வரை அதை உயிரோடும் தெம்போடும் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கானவை. இதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் மற்றவை புரியும்.

பெயரில் இறால் இருந்தாலும் இது இறால் அல்ல. ஸ்டொமாடொபோடா என்ற தனி வரிசையைச் சேர்ந்தது. இறால், நண்டு, சிங்கி இறால் ஆகியவற்றின் முன்னோரிலிருந்து இதன் முன்னோர் பிரிந்து ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகள் ஆகின்றன. இவ்வரிசையில் 450-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. சில இனங்கள் முள்வரிசை கொண்ட கைகளால் மீனையும் இறாலையும் குத்திப் பிடிப்பவை. நம் கடற்கரைகளில் இழுவலையில் சிக்கி வருபவை பெரும்பாலும் இவைதான். மற்ற சில இனங்கள் தடித்த குமிழ் போன்ற கைகளால் நத்தையையும் நண்டையும் அடித்து உடைப்பவை. மயில் மான்டிஸ் இறால், அறிவியல் பெயரில் ஓடோன்டோடாக்டிலஸ் ஸ்கில்லாரஸ், இரண்டாவது வகை. இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கின் மேற்குப் பகுதியிலும் பவளத் திட்டுகளின் அடிவாரத்தில், சிதறிய பவளத் துண்டுகளுக்கு இடையே வளை தோண்டி வாழ்கிறது. சுமார் 18 செ.மீ. வரை வளரும்.

இதன் அடியைப் பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஷீலா படேக், வயாட் கோர்ஃப், ராய் கால்டுவெல் மூவரும் 2004-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு அதை முதன்முதலாகச் சரியாக அளந்தது. குமிழ்க்கை நொடிக்கு 23 மீட்டர் வேகம் வரை எட்டுகிறது. அடுத்த ஆண்டில் வந்த அளவீட்டில் அடியின் உச்ச விசை 1,500 நியூட்டனைத் தொட்டது. கை அவ்வளவு விரைவாக விலகும்போது நீரில் ஆவிக் குமிழிகள் உண்டாகி வெடிப்பதால், ஓர் அடிக்கு இரண்டு தாக்குதல்கள் நத்தையின் மேல் விழுகின்றன. நான் இதை இங்கே சொல்வது வியப்பூட்ட அல்ல. இப்படி வாழும் ஒரு விலங்குக்கு ஓடு என்பது என்ன என்று யோசித்துப் பாருங்கள். அதன் ஆயுதம் ஓடு. வளைக்காக இன்னொரு மான்டிஸ் இறாலோடு சண்டை வந்தால் அது கேடயமாக முன்னால் நீட்டுவது தன் வால்தட்டை, அதுவும் ஓடு. ஜெனிஃபர் டெய்லரும் படேக்கும் வேறொரு சிறிய இனத்தில் அளந்து பார்த்தபோது, விழுந்த அடியின் ஆற்றலில் 69 விழுக்காட்டை வால்தட்டு உள்வாங்கிக் கரைத்துவிடுவது தெரிந்தது. அந்த வால்தட்டில்தான் ஓட்டு நோய் அடிக்கடி பற்றுகிறது.

ஓட்டின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். நோயின் வழி அங்கேதான் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே மிக மெல்லிய ஒரு பூச்சு. அதில் கொழுப்பும் புரதமும் உண்டு, கைட்டின் கிடையாது. அதற்குக் கீழே கைட்டின் இழைகளும் புரதமும் சுண்ணாம்பும் சேர்ந்து இறுகிய தடித்த அடுக்குகள். இழைகள் ஒரு தளத்தில் ஒரே திசையில் படுத்திருக்கும். அடுத்த தளத்தில் சற்றே திரும்பி இருக்கும். அதற்கடுத்ததில் இன்னும் சற்று. சுழல் படிக்கட்டின் படிகள் ஒன்றன்மேல் ஒன்று திரும்பி ஏறுவதைப் போல. இந்த அமைப்பை விளக்கிய பிரெஞ்சு அறிஞர் ஈவ் பூலிகானின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. ஒரு தளத்தில் விழுந்த விரிசல் அடுத்த தளத்துக்குப் போகத் திசை மாற வேண்டியிருப்பதால் வழியிலேயே வலுவிழக்கிறது. மயில் மான்டிஸ் இறாலின் குமிழ்க்கை ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்குவதற்கு இந்த அமைப்பு முக்கியக் காரணம் என்று டேவிட் கிசைலஸ் குழுவினர் 2012-ல் சயன்ஸ் இதழில் காட்டினார்கள்.

அடிக்கு ஈடு கொடுக்கும் இந்தக் கட்டுமானம், கைட்டினை உணவாகக் கொள்ளும் உயிரியின் முன்னால் ஒன்றும் செய்ய முடியாது. அத்தகைய உயிரிகள் கடலில் எங்கும் இருக்கின்றன, இருந்தே ஆக வேண்டும். செல்லுலோஸுக்கு அடுத்தபடி இயற்கையில் மிகுதியாகக் கிடைக்கும் நெடுமூலக்கூறுகளில் ஒன்று கைட்டின். கோடானுகோடி நுண்ணிய மிதவை உயிரிகள் கழற்றிப்போடும் ஓடுகள் ஓயாமல் கடலடிக்கு இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைச் சிதைக்க எதுவும் இல்லாவிட்டால் கடலின் கார்பனும் நைட்ரஜனும் அந்தக் குப்பையிலேயே முடங்கிவிடும். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் கிளாட் ஸோபெல், சிட்னி ரிட்டன்பெர்க் இருவரும் கைட்டினைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் கடலில் எவ்வளவு பரவலாக இருக்கின்றன என்று 1938-ல் விரிவாக எழுதினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 1937-ல், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் அடைத்துவைக்கப்பட்ட பெருஞ்சிங்கிகளின் ஓட்டு நோய்க்கு இதே வகை பாக்டீரியாக்கள்தான் காரணம் என்று ஹெஸ் என்பவர் விவரித்திருந்தார்.

ஆகவே கடலுக்கே இன்றியமையாத துப்புரவுப் பணியாளர்கள்தான் இந்த நோயின் கிருமிகள். விப்ரியோ போன்ற இந்தப் பாக்டீரியாக்கள் ஒவ்வோர் உப்புநீர்த் தொட்டியிலும் மணலிலும் கல்லிலும் வடிகட்டியிலும் இருக்கின்றன. நலமாக இருக்கும் மான்டிஸ் இறாலின் ஓட்டின் மேலும் இருக்கின்றன. அவற்றைத் தொட்டியிலிருந்து ஒழித்துக்கட்ட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: நேற்றுவரை உள்ளே நுழைய முடியாமல் இருந்தவை இன்று எப்படி நுழைந்தன?

பெரும்பாலும் மேற்பூச்சு கிழிந்த இடத்தில். கைட்டின் இல்லாத அந்த மெல்லிய பூச்சு முழுமையாக இருக்கும்வரை கைட்டின் தின்னிகளுக்கு அங்கே இரை இல்லை. கல்லில் உராய்ந்தோ, வலையில் சிக்கியோ, குறுகிய குழாயில் திரும்பத் திரும்ப உரசியோ பூச்சு கீறப்பட்டால் வழி திறக்கிறது. நீர் கெட்டிருந்தால் கொழுப்பையும் புரதத்தையும் கரைக்கும் வேறு பாக்டீரியாக்கள் பூச்சையே அரித்துக் கதவு திறந்துவிடுகின்றன. ஒரு ஓட்டுக்கு வயது ஏற ஏற அதன் பூச்சில் கீறல்களும் சேர்ந்துகொண்டே போகின்றன. புதுப்பிக்க வழி, மறுபடியும், ஓட்டை மாற்றுவதுதான்.

குழியின் ஓரம் கறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பலர் அழுகல் என்று பயப்படுகிறார்கள். அந்தக் கறுப்பைக் கிருமி உண்டாக்குவதில்லை. அது விலங்கு எடுத்த தற்காப்பு. காயம் பட்டதும் குருதியணுக்களில் செயலற்றுக் கிடந்த ஒரு நொதி விழித்தெழுந்து, ஃபீனால் சேர்மங்களை மெலனினாக மாற்றுகிறது. மெலனின் கிருமிக்கு எதிரான சுவராக அங்கே படிகிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் கென்னத் சோடர்ஹால் நன்னீர்ச் சிங்கி இறால்களை வைத்து இந்தத் தற்காப்பு முறையைப் பல ஆண்டுகள் விரிவாக ஆராய்ந்தார். சந்தையில் ஐஸ் போதாமல் கிடந்த இறாலின் தலை கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பதும் இதே வேதிவினைதான், உயிர் போன பிறகு கட்டுப்பாடு இல்லாமல் நடக்கிறது. உயிருள்ள விலங்கில் கறுப்பு ஓரம் தெரிந்தால் அது இன்னும் போராடுகிறது என்று பொருள். அதைச் சுரண்டி எடுக்கக் கூடாது. சுரண்டினால் சுவர் இடிந்து, நல்ல பூச்சும் சேர்ந்து கிழியும்.

மான்டிஸ் இறாலின் ஓட்டு நோயைப் பற்றி நமக்குத் தெரிந்ததைவிட அமெரிக்கப் பெருஞ்சிங்கியின் ஓட்டு நோயைப் பற்றி நிறையத் தெரியும், ஏனென்றால் அதில் பெரும் பணம் இருக்கிறது. 1990-களின் இறுதியில் ரோட் ஐலண்ட், லாங் ஐலண்ட் வளைகுடாப் பகுதிகளில் இந்த நோய் தொற்றுநோய் அளவுக்குப் பெருகியது. புண்களில் அக்விமரினா என்ற பாக்டீரியா தொடர்ந்து தென்பட்டது. ஆனால் ஆய்வுகள் நீளநீள, கிருமியைவிடச் சூழ்நிலையின் பங்கே பெரிதாகத் தெரிந்தது: வெப்பம் ஏறிய நீர், உணவு, மாசு, விலங்கின் உடல்நிலை.

அந்த ஆய்வுகளில் இரண்டு செய்திகள் வளர்ப்பவருக்கு நேரடியாகப் பயன்படுபவை. முதலாவது, நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது முட்டை சுமந்த பெண்களை. அவை ஒன்பது முதல் பதினொரு மாதங்கள் வரை முட்டைகளை வயிற்றின் அடியில் ஒட்டி வைத்திருக்கும். அந்தக் காலம் முழுவதும் ஓட்டைக் கழற்ற முடியாது. கழற்றினால் முட்டைகளும் போய்விடும். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் லாஃபர் குழுவினர், நோயுற்ற அத்தகைய பெண்களின் குருதியில் ஓடு கழற்றும் ஹார்மோன் இயல்பைவிட மிகுந்திருப்பதைக் கண்டார்கள். சில பெண்கள் முட்டைகளை இழந்தும் ஓட்டைக் கழற்றின. விலங்கின் உடலுக்கே தன் மருந்து எதுவென்று தெரிந்திருக்கிறது. சந்ததியை விலையாகக் கொடுத்தாவது அதை எடுத்துக்கொள்கிறது. இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

இரண்டாவது செய்தி உணவைப் பற்றியது. பாஸ்டனில் உள்ள நியூ இங்கிலாந்து மீன்காட்சியகத்தில் மைக்கேல் ட்லஸ்டியும் உடன் பணியாற்றியவர்களும் சிங்கிகளுக்கு ஹெர்ரிங் மீனை மட்டுமே தொடர்ந்து கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு ஓட்டு நோய் வந்தது, இறப்பும் கூடியது. கலந்த உணவு உண்டவை நலமாக இருந்தன. புதிதாக ஒரு கிருமியைத் தொட்டியில் விட வேண்டிய தேவை இருக்கவில்லை. ஓடு கட்டத் தேவையான சரக்கு குறைந்ததே போதுமானதாக இருந்தது.

இனி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ராய் கால்டுவெல் பல பத்தாண்டுகளாக ஸ்டொமாடொபோடுகளோடு வாழ்ந்தவர். மயில் மான்டிஸ் இறாலை வளர்ப்பவர்களுக்கு அவர் திரும்பத் திரும்பச் சொன்ன அறிவுரை இரண்டு: வெளிச்சத்தைக் குறையுங்கள், நீளமான இருண்ட வளை கொடுங்கள். பவளம் வளர்ப்பதற்காகப் போடும் கடும் விளக்குகளின் கீழ், ஆழம் குறைந்த தொட்டியில் வைத்த மயில் மான்டிஸ் இறாலுக்கு ஓட்டு நோய் அடிக்கடி வருவதை அவரும் அனுபவமுள்ள வளர்ப்பாளர்களும் கண்டிருக்கிறார்கள். கடலில் இந்த விலங்கு பெரும்பாலும் 10 முதல் 30 மீட்டர் ஆழத்தில் வாழ்வது. அங்கே எட்டும் ஒளி நீலம் கலந்த மங்கலான ஒளி. அதிலும் பகலின் பெரும்பகுதியை வளைக்குள் கழிப்பது. நம் விருப்பத்துக்காக அதைச் சுட்டெரிக்கும் விளக்கின் கீழ் நிறுத்திவைப்பது நியாயமே இல்லை. பவளம் வேண்டுமென்றால் அதற்குத் தனித் தொட்டி வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

நோய் கண்டதும் முதல் வேலை, அன்றைக்கே விளக்கை அணைப்பது அல்லது வெகுவாகக் குறைப்பது. அறையின் வெளிச்சமே அதற்குப் போதும். பார்க்க ஆசைப்பட்டால் மங்கலான சிவப்பு விளக்கில் சற்று நேரம் பார்க்கலாம். அடுத்தது வளை. ஒளி புகாத பிவிசி குழாயில் விலங்கின் நீளத்தைப்போல் குறைந்தது இரண்டு மூன்று மடங்கு நீளமும், உள்ளே தாராளமாகப் புரண்டு திரும்பும் அகலமும் இருக்க வேண்டும். வளைவு வைத்து இரு வாய்களும் மணலுக்கு மேல் தெரிய, நடுப்பகுதி மணலில் புதைந்திருக்கும்படி அமைத்தால் அதன் இயற்கை வளைக்கு நெருக்கமாக இருக்கும். குழாயின் வெட்டிய விளிம்புகளை உப்புத்தாள் போட்டு மழுக்கிவிட வேண்டும். அந்தக் கூர்முனையே ஒவ்வொரு நாளும் மேற்பூச்சைக் கீறிக்கொண்டிருக்கலாம். வாயிலை அடைத்துக்கொள்ள அதற்குப் பவளத் துண்டுகளும் கிளிஞ்சல்களும் சிறு கற்களும் தேவை. அவற்றைப் பக்கத்திலேயே கொட்டி வையுங்கள், எடுத்து அடுக்கிக்கொள்ளும்.

நீரைச் சோதித்துப் பாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் துளியும் இருக்கக் கூடாது. நைட்ரேட் ஏறியிருந்தால் வாரத்துக்கு ஒருமுறை என்று வைத்திருந்த நீர் மாற்றத்தைச் சிறு சிறு அளவில் அடிக்கடி செய்யலாம். ஒரேயடியாகப் பாதி நீரை மாற்றினால் உப்புச் செறிவும் வெப்பமும் தடாலென்று மாறி, நோயுற்ற விலங்குக்கு இன்னொரு அடியாகும். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு, வெப்பம் 24 முதல் 26 டிகிரி. கோடையில் தொட்டி 29, 30 டிகிரிக்குப் போனால் பாக்டீரியாக்களின் பெருக்கமும் கூடவே ஏறும். நீர்ப்பரப்பின் மேல் மின்விசிறியை வீசவிட்டாலே இரண்டு டிகிரி இறங்கும், ஆவியாகும் நன்னீரை மட்டும் ஈடுசெய்துவர வேண்டும். கால்சியம் கடல்நீரில் இருப்பதுபோல் லிட்டருக்கு 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு புது ஓட்டை இறுக்க அதற்கு வேண்டிய கால்சியத்தைப் பெருமளவு நீரிலிருந்துதான் எடுக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மான்டிஸ் இறால் நண்டையும் இறாலையும் தின்றுவிட்டு ஓடுகளை வளை வாயிலில் குவித்துவைக்கும். அந்தக் குவியல் முழுக்கக் கைட்டின். நோய்க்குக் காரணமான பாக்டீரியாக்களுக்கு அதைவிடச் சிறந்த விளைநிலம் கிடைக்காது. நத்தை ஓடு சுண்ணாம்பு, அதை விட்டுவைக்கலாம். வளைக்கு வாயில் கட்டவும் உதவும். நண்டின் ஓடும் இறாலின் ஓடும் மறுநாளே நீண்ட இடுக்கியால் எடுக்கப்பட வேண்டும். கையை உள்ளே விடாதீர்கள். விரலைப் பிளக்கும் அடி அது, நோயுற்றிருந்தாலும்.

உணவில் ஒரே வகை வேண்டாம். உறைந்த இறாலை மட்டுமே மாதக்கணக்கில் போட்டு வளர்ப்பவர்கள் பாஸ்டன் சிங்கிகளை நினைத்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள நத்தை, சிறு நண்டு, மட்டி, அவ்வப்போது மீன்துண்டு, கணவாய் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். நத்தையை உடைக்கும் வேலையும் அதற்கு வேண்டியதுதான், குமிழ்க்கையில் புண் இல்லாதபோது. குமிழ்க்கையிலேயே குழி விழுந்திருந்தால் ஓடு கழற்றும்வரை உரித்த உணவாகக் கொடுப்பது நல்லது.

மருந்துகளுக்கு வருகிறேன். மீன்களுக்கு விற்கப்படும் பல மருந்துகளில் செம்பு உண்டு. முதுகெலும்பற்ற உயிரிகளுக்கு அது நஞ்சு. ஒட்டுண்ணியைக் கொல்லும் அளவே மான்டிஸ் இறாலையும் கொன்றுவிடும். ஒருமுறை செம்பு ஊற்றிய தொட்டியின் கல்லும் மணலும் அதை உறிஞ்சிவைத்துப் பின்னால் கசியவிடக்கூடும், ஆகையால் அத்தகைய தொட்டிக்கும் இதை மாற்றக் கூடாது. ஆன்டிபயாடிக்கைத் தொட்டியில் கரைத்தால் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாக்களும் சாகும். இரண்டொரு நாளில் நீர் கெட்டு, நோயைவிட வேகமாக அது கொல்லும். மேற்பரப்பில் இருக்கும் சில கிருமிகள் குறைந்தாலும் மணலிலிருந்தும் கல்லிலிருந்தும் அவை திரும்ப வரும், குழியோ அப்படியே இருக்கும். நீர்வாழ் உயிரிகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருவர் தனித் தொட்டியில் வைத்து, அளவு சொல்லிக் கொடுத்தால் அது வேறு. அயோடினை நீரில் கலந்தால் ஓடு எளிதாகக் கழலும் என்று ஒரு நம்பிக்கை வளர்ப்பாளர்களிடையே உண்டு. ஒழுங்காக நீர் மாற்றும் தொட்டியில் உப்புக் கலவையிலேயே தேவையான அயோடின் இருக்கிறது; மேலும் ஊற்றினால் நஞ்சாகும்.

ஓடு கழற்றுவதை நாமே தூண்ட முடியாதா என்ற கேள்வி வரும். ஓடு கழற்றுவதைத் தடுத்துவைக்கும் ஹார்மோன் கண்காம்பில் உள்ள ஒரு சுரப்பியிலிருந்து வருகிறது. அந்தத் தடை விலகினால் உடலில் வேறோரிடத்திலுள்ள சுரப்பி எக்டைசோன் வகை ஹார்மோனைச் சுரந்து வேலையைத் தொடங்கும். இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்குவது வழக்கத்தில் இருக்கிறது. முட்டை முதிர்வதற்காகச் செய்வது அது, ஓடு கழற்றும் சுழற்சியையும் விரைவுபடுத்தும். நிறம் காண்பதற்கு மட்டும் 12 வகை ஒளி உணரிகள் கொண்ட கண் மான்டிஸ் இறாலுடையது. அதைச் சிதைத்து வைத்தியம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அந்த நேரத்தை உடலே முடிவு செய்யட்டும். குட்டிகள் அடிக்கடி கழற்றும். வளர்ந்தவற்றுக்கு இடைவெளி பல மாதங்களாக நீளும். அதனால்தான் பெரிய, வயதான விலங்கில் நோய் கண்டால் கவலை கூடுகிறது.

கழற்றும் நாள் நெருங்கும்போது அது இரையை மறுக்கும். நிறம் மங்கும். வளை வாயில்களைக் கல்லும் கிளிஞ்சலும் வைத்து உள்ளிருந்து முழுதாக அடைத்துக்கொள்ளும். இதைப் பார்த்துப் பதறி வாயிலைத் திறந்துவிடுகிறவர்கள் உண்டு, தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே தோலிலிருந்து பழைய ஓடு பிரிந்து, அதன் அடியில் புது ஓடு மடிந்து உருவாகிக்கொண்டிருக்கிறது. பழைய ஓட்டிலிருந்து எடுக்கக்கூடியதை உடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பிறகு கண்ணின் மேற்படலம், செவுளின் உறை, இரைப்பையின் உட்பூச்சு உட்பட எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உருவி வெளியே வருகிறது.

நோய் ஆழமாகப் போயிருந்தால் ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது. குழி ஓட்டின் மேலடுக்குகளோடு நின்றிருந்தால் பிரச்சினை இல்லை. அது பழைய ஓட்டோடு போய்விடும். ஓட்டைத் துளைத்து அடியிலுள்ள தோல்வரை எட்டியிருந்தால், காயத்தை அடைக்க வந்த குருதியணுக்களும் மெலனினும் பழைய ஓட்டையும் தோலையும் அந்த இடத்தில் ஒட்டவைத்துவிடும். புது ஓடும் அங்கே சரியாக உருவாகாது. விலங்கு பாதி வெளியே வந்து அந்தப் புள்ளியில் மாட்டிக்கொள்ளும். பெரும்பாலும் அப்படியே இறந்துபோகும். கையால் இழுத்து உதவ முயன்றால் மென்மையான உடல் கிழியும். ஆகவே நோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. வாரம் ஒருமுறையாவது அது வெளியே வரும்போது முதுகையும் வால்தட்டையும் புகைப்படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். நத்தையை உடைக்கும்போது பட்ட காயம் ஒரே அளவில் கறுத்து நிற்கும். ஓட்டு நோயின் குழி படத்துக்குப் படம் பெருகும்.

நன்றாகக் கழற்றி முடித்த பிறகும் பல நாள் அது மென்மையாகவே இருக்கும், அடிக்க முடியாது. ரிக் ஸ்டெகர், கால்டுவெல் இருவரும் 1983-ல் சயன்ஸ் இதழில் எழுதிய ஆய்வு இதைப் பற்றியது. அட்லாண்டிக் பக்கத்தைச் சேர்ந்த ஒரு சிறிய இனத்தில், அப்போதுதான் ஓடு கழற்றிய மான்டிஸ் இறால் தன் வளைக்கு எதிரி வந்தால் கைகளை விரித்து மிரட்டியது. அடித்தால் தன் கையே சேதமாகும் நிலையிலும் மிரட்டியது. பல நேரங்களில் வந்தவை அதை நம்பித் திரும்பிப் போயின. உங்கள் விலங்கும் குழாயின் வாயிலில் நின்று அப்படி மிரட்டலாம். அதைச் சீண்டிப் பார்க்காமல் விலகிவிடுங்கள். அந்த நாட்களில் உயிருள்ள நண்டு எதையும் தொட்டிக்குள் விடக் கூடாது. மென்மையான நிலையில் நண்டின் கொடுக்கே அதைக் கொன்றுவிடும்.

கழன்ற ஓடு வெளியே தள்ளப்பட்டிருந்தால் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குழிகள் ஓட்டைத் தாண்டி ஓட்டையாக இருக்கின்றனவா, உட்புறம் வழுவழுப்பாக இருக்கிறதா என்று தெரியும். உட்புறம் சீராக இருந்தால் புது ஓடு அநேகமாகச் சுத்தமாக வந்திருக்கும். ஓட்டையாக இருந்த இடத்தில் புது ஓட்டிலும் ஒரு கரிய தழும்போ சிறு பள்ளமோ காணப்படலாம். அதைப் பார்த்துச் சோர்ந்துபோக வேண்டாம், முழுதாக மறைய இன்னொரு முறை கழற்ற வேண்டியிருக்கும். அடைத்த வாயிலை அதுவே திறந்து வெளியே வந்த பிறகு உரித்த இறாலின் சிறு துண்டு ஒன்றை இடுக்கியில் நீட்டுங்கள். எடுத்துக்கொண்டால் அடுத்த சில நாட்களுக்கு அதுவே உணவு. நத்தை அதற்குப் பிறகு. விளக்கை மட்டும் பழையபடி ஏற்ற வேண்டாம்.